விழாமல் போன முகூர்த்தப் படம்

வேப்பனப்பள்ளியில் என் நண்பன் நஞ்சப்பாவின் கல்யாணத்தில், தாலி கட்டிய நேரத்துப் படங்களைக் கெடுத்தவன் நான். பழி போட்டோகிராபர் முனிராஜ் மேல் விழுந்தது.

அது நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்பு. அப்போது ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் எனக்கும் நஞ்சப்பாவுக்கும் ஒரே ஷிப்ட். முகூர்த்தம் முடிந்து முனிராஜ் தண்ணீர் குடிக்கப் போனார். நாற்காலியில் இருந்த கேமராவை எடுத்து, விஷயம் தெரிந்தவன் என்று பெண் வீட்டாருக்குக் காட்டிக்கொள்ள, அதன் பின்மூடியைத் திறந்தேன். உள்ளே ஃபிலிம் இருந்தது. உடனே மூடி வைத்துவிட்டேன். கடைசியாக எடுத்த படங்கள்தான் சுருளின் மேலே இருக்கும். வெளிச்சம் அவற்றைத்தான் தின்றது. பெங்களூரில் கழுவி வந்தபோது நலங்கு இருந்தது, பந்தி இருந்தது, தாலி இல்லை. அந்த நேரம் பார்த்து ஆள் எங்கோ போய்விட்டான் என்று பேசினார்கள். அதன்பின் அந்தப் பக்கம் அவரை யாரும் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை.

போன மாதம் நஞ்சப்பா வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை போன் செய்தான். "டேய், தாலிய விட்டவன் ஞாபகம் இருக்கா? ஓசூர்ல இன்னும் ஃபிலிம்லதான் போட்டோ புடிக்கறானாம். பசங்க க்யூல நிக்குதாம்டா!" நானும் சிரித்தேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

அடுத்த ஞாயிறு காலை ஐந்தரைக்குச் சேலத்தில் பஸ் ஏறினேன். கிருஷ்ணகிரியில் பதினைந்து ரூபாய்க்கு ஒரு டீ. சூளகிரிப் பாறைகளைத் தாண்டியதும் சாலை முழுக்கக் கண்டெய்னர் லாரிகள். ஒன்பதரைக்கு ஓசூர்.

"எந்தக் கம்பெனி சார்?" என்றார் ஆட்டோக்காரர்.

"ஞாயித்துக்கெழமையுமா கம்பெனி?"

"ஓவர்டைம் இல்லாத ஞாயிறு இந்த ஊர்ல ஏது சார்?"

பாகலூர் ரோட்டுச் சந்தில் கடை. பலகையில் தமிழும் கன்னடமும் பக்கத்தில் பக்கத்தில். செல்போன் தொழிற்சாலையில் வேலை செய்யும் இரண்டு பெண்கள் முனிராஜின் கேமரா முன்னால் நின்றார்கள். பேச்சில் தெற்கு வாடை.

"படம் எப்படி விழுந்திருக்குன்னு காட்டுங்க தாத்தா."

"என்னத்தக் காட்டறது? கழுவுனாத்தான் தெரியும். அடுத்த வாரம் வாங்க."

"கண்ண மூடியிருந்தா?"

"தூங்கற மாதிரி ஒரு படம் இருக்கட்டுமே, என்ன இப்ப?"

போனில் எடுத்தால் ஆகாதா என்று அவர்களில் ஒருத்தியிடம் கேட்டேன். "போன்ல நூறு எடுப்போம், நூறையும் அழிச்சிருவோம் சார். இத அழிக்க முடியாதுல்லா?" என்றாள்.

கழுவும்வரை ஒன்றும் தெரியாது என்பதுதான் அவர்களை இங்கே இழுக்கிறது. எனக்கு ஒளிய இடம் கொடுத்ததும் அதுதான். இன்றைய கேமராவாக இருந்திருந்தால் மண்டபத்திலேயே பிடிபட்டிருப்பேன். என்னைத் திட்டிவிட்டு, தாலியைத் தொடச் சொல்லி இன்னொரு படம் எடுத்திருப்பார்கள்.

அவர்கள் போனதும், அன்று கேமராவைத் திறந்தவன் நான்தான் என்று முனிராஜிடம் சொன்னேன். அவர் கேமராவைக் கீழே வைத்தார்.

"யாரோ தொறந்துட்டாங்கன்னு அன்னிக்கே தலையில அடிச்சிக்கிட்டேன். சாக்கு சொல்றான்னாங்க. நீங்களும் அங்கதான நின்னீங்க?"

"நின்னேன்."

"எங்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? எனக்குத் தெரிஞ்சதுதான. நஞ்சப்பாகிட்ட சொல்லுங்க. நானும் வரேன்."

கடையைப் பூட்டினார். பேரிகை வழியாக வேப்பனப்பள்ளி போகும் பஸ்ஸில் ஏறினோம். ரோஜா வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரங்கள், தக்காளி வயல், பிறகு மாந்தோப்புகள்.

தோப்பு வீட்டில் நஞ்சப்பா என்னைக் கண்டு எழுந்து வந்தான். முனிராஜைக் கண்டு நின்றான். வாசலிலேயே எல்லாவற்றையும் சொன்னேன்.

"போன மாசம் நான் சொன்னப்பகூட சிரிச்சியேடா," என்றான்.



அவன் மனைவி சரோஜம்மா கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பியும் பார்க்காமல் முனிராஜிடம் கேட்டார்: "அப்ப, நீங்க எடுத்தீங்களாண்ணா?"

"எடுத்தேம்மா. மூணு தடவ அமுக்கினேன். நீங்க குனிஞ்ச தல நிமிரவே இல்ல. மேளச் சத்தத்துல 'நிமிரும்மா, நிமிரும்மா'ன்னு கத்துனேன்."

சரோஜம்மாவின் கை வாய்க்குப் போனது. "ஆமா! யாரோ கத்துனாங்க. எங்க மாமான்னுல்ல நெனச்சிருந்தேன்!"

முனிராஜ் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். நஞ்சப்பா உள்ளே போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து அவருக்குப் போட்டான். ஒரு நாற்காலிதான். நான் கடைசி வரை நின்றேன். மாலையில் முனிராஜை பஸ் ஏற்றிவிட நஞ்சப்பாவே நடந்து வந்தான். நான் அவர்களுக்குப் பின்னால் வந்தேன்.

சேலம் திரும்பிய பின் எந்த ஞாயிறும் நஞ்சப்பாவின் போன் வரவில்லை. நான் அழைத்தால் எடுப்பதில்லை. நேற்று முனிராஜ் பேசினார்.

"நஞ்சப்பா பேரன் கல்யாணத்துக்கு என்னத்தான் போட்டோவுக்குச் சொல்லியிருக்காருங்க. ஃபிலிம்லயே எடுக்கணுமாம்."

"சந்தோஷம்."

"இன்னொண்ணு. வேப்பனப்பள்ளியில 'தாலிய விட்டவன்'னா இப்ப உங்களத்தான் சொல்றாங்க." சொல்லலாமா என்ற தயக்கம் குரலில் இருந்தது.

"சரியாத்தான் சொல்றாங்க," என்றேன்.

கல்யாணம் தை மாதம். எனக்கு அழைப்பு இல்லை.