சட்டைப் பையில் கிடந்த ஓலை

எங்கள் கோவிலில் ஞாயிறு வாசகம் வாசிப்பவர் அப்பா. குருநகரில் தன் குரலுக்கு நிகரில்லை என்று அவரே சொல்வார். கிறிஸ்துவுக்குள் யூதனும் ஒன்று, கிரேக்கனும் ஒன்று என்ற வாசகம் வந்தால் அந்தக் குரல் இன்னும் கணீரென்று ஒலிக்கும். எங்கள் கோவில் பங்கில் யூதனும் கிரேக்கனும் இல்லாதபடியால் அதனால் யாருக்கும் இடைஞ்சல் வரவில்லை.

எண்பத்து மூன்று ஆடியில் கொழும்பில் கலவரம் வந்தபோது அக்கா அங்கே ஒரு கந்தோரில் வேலை செய்துகொண்டிருந்தாள். கூட வேலை செய்த சிங்களப் பையன் ஒருவன் அவளை நீர்கொழும்பிலிருந்த தன் வீட்டில் ஒளித்து வைத்தான். வாசலுக்கு வந்தவர்களிடம் அவனுடைய தாய், உள்ளே இருப்பது என் மருமகள் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். அப்பா அந்தக் குடும்பத்துக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தார். தெய்வம் போன்ற மனிதர்கள் என்று கண்ட கண்ட இடமெல்லாம் சொன்னார்.

மூன்று வருடம் கழித்து, அந்தப் பையனைத்தான் கட்டப்போகிறேன் என்று அக்கா எழுதினாள். தெய்வம் போன்ற மனிதர்கள் ஒரே நாளில் சிங்களவர் ஆகிவிட்டார்கள்.

அப்பா பங்குச் சுவாமியிடம் ஓடினார். நல்லூரில் டியூஷன் படிப்பித்துக்கொண்டிருந்த என்னையும் துணைக்கு இழுத்துப் போனார். சுவாமி திருச்சபைச் சட்டத்தை விரித்து, கலியாணத்துக்கான தடைகளைச் சொன்னார். முன்பே கலியாணம் செய்தவனாக இருக்கக் கூடாது, நெருங்கிய இரத்த உறவு கூடாது, குருப்பட்டம் பெற்றவன் கூடாது, ஞானஸ்நானம் பெறாதவன் கூடாது. கடைசித் தடைக்கு ஆயரிடம் அனுமதி வாங்கலாம். சித்தப்பாவின் மகள் வல்வெட்டித்துறைச் சைவப் பையனைக் கட்டியபோது அப்படித்தான் வாங்கினோம். சாதி சரியாக இருந்ததால் அந்த விருந்தில் அப்பா இரண்டாம் தரமும் சோறு கேட்டு வாங்கினார்.

"அவன் சிங்களவனெல்லோ சுவாமி," என்றார் அப்பா.

"ஓம். ஆனால் வேதக்காரன், ஞானஸ்நானம் பெற்றவன். சட்டத்திலை அதுக்குத் தடை இல்லை."

இரண்டாயிரம் வருடமாக இவ்வளவு முக்கியமான ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டார்களே என்று அப்பாவுக்குத் திருச்சபை மேலேயே மனவருத்தம்.

எங்களிடம் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இருவருடைய பெயரையும் கோவிலில் சொல்லி, தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்க வேண்டும் என்று கேட்பார்கள். பெண்ணின் பங்கில் வாசிக்காமல் மாப்பிள்ளையின் பங்கில் தாலி ஏறாது. கோவிலுக்கு வரும் கடிதங்களை வாங்கி வைப்பவரும் வாசிப்பவரும் அப்பாதான். நீர்கொழும்பிலிருந்து ஓலைக் கடிதம் இன்னும் வரவில்லை என்று மூன்று வாரமாகச் சுவாமிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பாவம், தபால்காரனைத்தான் எல்லாரும் திட்டினார்கள்.

அப்பாவின் ஞாயிற்றுச் சட்டையைத் தோய்ப்பவர் அம்மா என்பதை அப்பா மறந்துவிட்டார். அம்மா கடிதத்தைப் பார்த்தார், திரும்பப் பைக்குள்ளேயே வைத்தார்.

அடுத்த ஞாயிறு அப்பா வேறொரு சோடியின் ஓலையை வாசித்து, தடை தெரிந்தவர்கள் அறிவிக்கலாம் என்றார். பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா எழும்பினார்.

"ஒரு தடை இருக்குது சுவாமி. என்ரை பிள்ளையின்ரை ஓலை மூண்டு கிழமையா இவரின்ரை சட்டைப் பையுக்கை கிடக்குது."

சுவாமி அப்பாவைப் பார்த்தார். கோவிலே பார்த்தது. அப்பா கடிதத்தை எடுத்து, யாருக்கும் கேட்காத குரலில் வாசித்தார். சத்தமாக வாசிக்கும்படி சுவாமி சொன்னார். தடை தெரிந்தவர்கள் அறிவிக்க வேண்டும் என்று அப்பாவே கேட்டுவிட்டு, அப்பாவே பேசாமல் நின்றார்.

நீர்கொழும்பில் நடந்த கலியாணத்துக்கு அவர் போகவில்லை. பாதை சரியில்லை என்றார். அதே பாதையால் அம்மா தனியாகப் போய் வந்தார்.

அப்பாவைச் சொல்லிச் சிரிப்பது எனக்குச் சுகம். ஆனால் நானும் போகவில்லை. டியூஷனில் பிள்ளைகள் என்ன கதைப்பார்கள் என்று பயந்தேன். இன்றைக்கும் அதை நினைக்க வெட்கமாக இருக்கிறது. கோவில் வாசலில் அக்கா முதலில் கேட்டது, "தம்பி எங்கை?" என்றுதானாம்.

பாதை சரியில்லை என்று அம்மா சொன்னாராம்.