ஊதாத திருநீறு

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து 'வீல்' என்று ஓர் அழுகை கேட்டது.

குழந்தைகள் வார்டை ஒட்டி, தாய்மார்கள் சாப்பிடுவதற்கென்று இருந்த அறையில் இட்லியைப் பிட்டு வாயருகே கொண்டுபோன அஷ்வினியின் கை அந்தரத்தில் நின்றது. அந்த வார்டில் அழுகைக்குப் பஞ்சமில்லை. ஆனால் இது அவளுடைய தீபக்கின் குரல் அல்லவா? ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளிலிருந்து அவன் அழவே இல்லையே. அழுவதற்கு அவனிடம் மூச்சு இருந்தால்தானே! ஐந்து மாதப் பிஞ்சு. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே பள்ளம் விழும். வாய் திறக்கும், சத்தம் வராது. அதைப் பார்த்துப் பார்த்து அவள் கண்களில் நீரே வற்றிப்போயிருந்தது.

இலையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். வார்டு வாசலில் நர்ஸ் கையை நீட்டிக் குழாயைக் காட்டினாள். அஷ்வினி அவசரமாகச் சோப்பைக் குழைத்தாள். கழுத்து மட்டும் கட்டிலின் பக்கமே திரும்பியிருந்தது.

அங்கே டாக்டர் பிரதிபா பிராணவாயுக் குழாயைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். கன்னத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை உரித்த கோபத்தில் தீபக் காலை உதைத்துக் கத்திக்கொண்டிருந்தான். முகம் செக்கச் செவேல் என்றிருந்தது. முன்பு பார்த்த நீலமா அது? இல்லவே இல்லை!

டாக்டர் மைசூரிலேயே பிறந்து வளர்ந்த ரயில்வே குடும்பத்துத் தமிழ்ப் பெண். பேச்சில் கன்னடம் தானாக வந்து கலந்துகொள்ளும்.

"நோடம்மா, உங்க பையனுக்கு என்ன கோவம் பாருங்க. அழட்டும், தடுக்காதீங்க. இப்படிக் கத்தறதுக்கு நெஞ்சுல நிறையக் காத்து வேணும். அது வந்துடுச்சு."

அஷ்வினி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பக்கத்துக் கட்டில்களின் தாய்மார்களும் எழுந்து வந்து சேர்ந்து அழுதார்கள்.

அஷ்வினி கொள்ளேகாலுக்கு அப்பால் இருக்கும் ராமாபுரத்துப் பெண். மைசூரில், மேட்டகள்ளியில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தாள். புருஷன் மதன் புதுக் கட்டடங்களில் டைல்ஸ் பதிப்பவன். குழந்தை பிறக்கும்வரை அவள் கார்மென்ட்ஸில் தையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பக்கத்து மிஷின்காரி தன் துணிக் கட்டையும் இவள் பக்கம் தள்ளிவிட்டால் அதையும் வாய் பேசாமல் தைத்து வைப்பாள். 'முடியாது' என்று யாரிடமும் சொல்லத் தெரியாத பிறவி. குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் ஆளுக்கு ஒரு முத்தம் வைத்தபோதும் சிரித்துக்கொண்டுதான் நின்றாள்.

அவள் உயிரில் பாதி மதன் என்றால், மறுபாதி மதனின் அக்கா செல்லக்கண்ணு. புருஷனின் அக்காவை அந்தப் பக்கத்தில் 'நங்கையா' என்பார்கள். தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கிய நங்கையா. இவர்கள் காதலுக்கு இரண்டு வீடும் கதவைச் சாத்தியபோது, நடுவில் நின்று தாலி எடுத்துக் கொடுத்த நங்கையா. ஊரில் எந்தக் குழந்தை சிணுங்கினாலும் அவளிடம்தான் தூக்கி வருவார்கள். உள்ளங்கையில் திருநீற்றை வைத்து, ஏதோ முணுமுணுத்து, குழந்தையின் முகத்தில் 'பூ'வென்று மூன்று தரம் ஊதுவாள். அவள் ஊதினால் பீடை பறந்துபோகும் என்பது ஊரின் நம்பிக்கை.

போன நோன்புத் திருவிழாவுக்கு ஊருக்குப் போனபோது தீபக்கையும் அப்படித்தான் மடியில் போட்டு ஊதினாள். அன்று நங்கையாவுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அஷ்வினி அதைக் கவனித்தாள். ஆனால் எப்படிச் சொல்வது? மைசூருக்குத் திரும்பிய சில நாட்களில் சளி, பிறகு இருமல், பிறகு பால் குடிக்கக்கூட முடியாத மூச்சிரைப்பு.

மூக்கிலிருந்து சளியெடுத்துச் சோதித்து, ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ் என்றார்கள். பெரியவர்களுக்கு வெறும் ஜலதோஷமாக வந்துபோவது, இத்தனை சின்ன மூச்சுக்குழாயில் புகுந்தால் அடைத்துவிடும் என்று டாக்டர் விளக்கினார். அஷ்வினி தயங்கித் தயங்கித் திருநீறு ஊதிய கதையைச் சொன்னாள். யாரிடமிருந்து வந்தது என்று யாராலும் அறுதியிட முடியாது, பஸ்ஸில் இருமியவராகக்கூட இருக்கலாம் என்றார் அவர். ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார். நெஞ்சு இன்னும் முழுசாக ஆறவில்லை. இன்னொரு தொற்று இப்போது வந்து சேர்ந்தால் மறுபடியும் இதே கட்டில்தான். சளி, இருமல் உள்ள யாரும், அது யாராக இருந்தாலும், குழந்தையின் பக்கத்தில் வரக்கூடாது.

தீபக் வீட்டுக்கு வந்தது மேட்டகள்ளிக்கே திருவிழாவாக இருந்தது. கீழ்வீட்டு ரங்கம்மா எட்ட நின்றே ஆரத்தி சுற்றினாள். மதன் கால் தரையில் பாவாமல் அலைந்தான். சந்தோஷத்தில் அக்காவுக்கும் போன் போட்டான். போன் போட்டதை மறுநாள் காலையில்தான் மனைவியிடம் சொன்னான். அதற்குள் செல்லக்கண்ணு கொள்ளேகால் தாண்டி, மைசூர் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள்.

படியேறும் சத்தம் கேட்டது. கூடவே, நெஞ்சைப் பிளக்கும் ஓர் இருமல்.

அஷ்வினிக்குப் புரிந்துவிட்டது. நங்கையா இருமலோடு வந்திருக்கிறாள். உள்ளே தொட்டிலில் பிள்ளை. தாலி எடுத்துக் கொடுத்தவளை எந்த வாயால் தடுப்பாள்? தடுக்காவிட்டால் பிள்ளையின் மூச்சுக்கு யார் பொறுப்பு?

கதவைத் திறந்தாள். இரண்டு கைகளாலும் நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலை அடைத்து நின்றாள்.

"வந்துட்டேன் அம்மிணி. எங்க என்ற சாமி?" என்றபடி செல்லக்கண்ணு இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து திருநீற்றை எடுத்துக்கொண்டே மேலே வந்தாள்.

"நங்கையா, உள்ள வர வேண்டாமுங்க."

செல்லக்கண்ணுவின் கால் படியிலேயே நின்றது. பிறகு உதட்டைச் சுழித்தாள். "மைசூர்த் தண்ணி உனக்கு நல்லாத்தான் ஒத்துக்கிச்சு புள்ள."

மதன் பாய்ந்து வந்தான். "வழிய வுடு அஷ்வினி. எங்கக்கா வாசல்ல நிக்குது" என்று உறுமினான். அவள் அசையவில்லை. டாக்டர் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"அப்ப, என்னாலதான் புள்ளைக்கு வந்துச்சுங்கற."

அஷ்வினி அப்படியே வாசற்படியில் சரிந்து உட்கார்ந்து நங்கையாவின் கால்களைக் கட்டிக்கொண்டாள். காலைப் பிடித்த அந்த நிலையிலும் அவள் உடம்பு வாசலை அடைத்தே கிடந்தது.

"யாரால வந்துச்சுன்னு டாக்டரம்மாவுக்கே தெரியாதுங்க. ஆனா அவன் மூச்சுக்குத் தவிச்சதப் பாத்தவ நானுங்க, நங்கையா. இன்னொருக்கா பாக்க என்ற உசுருல தெம்பு இல்லீங்க."

செல்லக்கண்ணு பதில் சொல்ல வாயெடுத்தாள். இருமல் முந்திக்கொண்டது. கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு, குனிந்து, கண்ணில் நீர் முட்ட முட்ட இருமினாள். நின்றதும், வாயைப் பொத்தியிருந்த தன் கையை வெகுநேரம் பார்த்தாள். தம்பியைத் தூக்கி வளர்த்த கை. தம்பி மகனைத் தூக்கத்தான் இத்தனை தூரம் வந்த கை. மெல்ல அதை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

யாரும் சொல்லாமல் அவளே இரண்டு படி கீழே இறங்கினாள்.

"அக்கா!" என்று மதன் அவளைப் பிடிக்கப் போனான்.

"எட்ட நில்லுடா. போயி அவன அந்த மூலையில தூக்கிக் காட்டு, போதும்."

அறையின் கோடியில், ஜன்னல் வெளிச்சத்தில், மதன் குழந்தையைத் தூக்கிப் பிடித்தான். தீபக் காலை உதைத்தான். யாருக்கென்று தெரியாமல் பொக்கை வாயைத் திறந்து சிரித்தான். அஷ்வினியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த செல்லக்கண்ணுவின் முகம் மலர்ந்து விரிந்தது. பழக்க தோஷத்தில் திருநீற்றுக் கை உதட்டருகே போய்விட்டது. ஊதவில்லை. கண்களை மூடி முணுமுணுத்துவிட்டு, தன் நெற்றியிலேயே இட்டுக்கொண்டாள்.

அஷ்வினி காப்பிக்கு எழுந்தாள். வேண்டாம், கீழே ரங்கம்மாவிடம்கூட நிற்கப்போவதில்லை, அடுத்த பஸ்ஸிலேயே ஊருக்குத் திரும்புவதாகச் சொல்லிவிட்டாள் நங்கையா.

"இருமல் நின்னப்புறம் வாரேன். அதுக்கு முந்தி எவ வந்தாலும் உள்ள வுடாத. மூஞ்சியத் தூக்குனா, செல்லக்கண்ணுவையே வுடலைன்னு சொல்லு."

அஷ்வினி தலையாட்டினாள். கை கூப்பினாள்.

பாதிப் படியில் நின்று செல்லக்கண்ணு திரும்பிப் பார்த்தாள். "என்ன பாத்துக்கிட்டு நிக்கற? குளுருகாத்து உள்ள போவுது. சாத்து புள்ள."

அஷ்வினி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.