ஈ.எஸ்.ஆர். இறங்கியதற்கு நான் சொன்ன ஸ்தோத்திரம்

என் மகள் ஷெரினுக்கு ஆறு வயதில் மூட்டுவாதம் வந்தது. பெரியவர்களுக்கு வருகிற வியாதி பிள்ளைக்கு எப்படி வரும் என்று கேட்காத ஆள் இல்லை. பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன். தினமும் சாயங்காலம் காய்ச்சல் ஏறும். முழங்கால் வீங்கி, நடக்க மாட்டாமல் அழுவாள். அவள் அப்பாவுக்குத் துபாயில் வேலை. காக்ஸ் டவுன் வீட்டில் அவளும் நானும்தான்.

உடம்புக்குள் அழற்சி எவ்வளவு என்று காட்டுகிற ஈ.எஸ்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை எண் அவளுக்கு எப்போதும் ஏறியே இருக்கும். அது இறங்க வேண்டும் என்றுதான் எங்கள் சபையின் உபவாச ஜெபத்தில் எல்லோரும் கேட்டோம். கடந்த லெந்து தவக்கால நாட்களில் மளமளவென்று இறங்கியது. காய்ச்சல் மட்டும் விடவில்லை. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று சாட்சி சொல்லி, ஸ்தோத்திரம் சொன்னேன். சபையே கைதட்டியது.

மறுநாள் பல் துலக்கும்போது ஷெரினுக்கு ஈறில் வந்த ரத்தம் நிற்கவில்லை. கால்களில் நீலநீலமாகத் தடங்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மா கன்னடக்காரர், எனக்காகத் தமிழில் பேசினார்.

"ஈ.எஸ்.ஆர். குறைஞ்சது நல்லதுக்கு இல்லம்மா. ரத்தம் உறையறதுக்கு வேண்டிய சத்து தீர்ந்துட்டிருக்கு, அதனாலதான் இறங்குது. உள்ளே நோய் ஜாஸ்தி ஆகியிருக்கு."

பிள்ளையை ஐ.சி.யு.வுக்குள் கொண்டுபோனார்கள். நான் வெளியே உட்கார்ந்தேன். போனில் சபைக் குழுவிலிருந்து "அல்லேலூயா", "தேவனுக்கே மகிமை" என்று வந்துகொண்டே இருந்தது. அத்தனை பேரில் ஒருவரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாட்சி சொன்னவள் எந்த முகத்தோடு சொல்வேன்? அவ்வளவு தனியாக நான் ஒருநாளும் இருந்ததில்லை. ஆண்டவர் மேல் கோபம் கோபமாக வந்தது.

"நாங்க தெரியாம கேட்டா நீங்க திருத்தக் கூடாதா? இறங்கினத ஏத்துங்கப்பா" என்றேன். வேறு ஜெபம் வரவில்லை.

அதிக அளவில் ஸ்டீராய்டு ஏற்றினார்கள். சில நாட்கள் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு ஒரு மத்தியானம் டாக்டரம்மா வெளியே வந்து, காய்ச்சல் விட்டது, உறையும் சத்து கூடுகிறது, ஈ.எஸ்.ஆரும் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்றார். நான் அழுத அழுகையைப் பார்த்து, ஏதோ கெட்ட செய்தி என்று பக்கத்திலிருந்த பெண் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஷெரின் இப்போது பள்ளிக்குப் போகிறாள். மருந்து தொடர்கிறது. நான் ஈ.எஸ்.ஆர். எண்ணைச் சொல்லி ஜெபிப்பதில்லை, பிள்ளையின் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறேன். ஜெபம் பொய்த்துவிட்டதென்று சபைக்கு முகம் காட்டாமல் தனியே உட்கார்ந்திருக்கிறவர் யாராவது இதை வாசித்தால், கோபத்தோடாவது ஆண்டவரிடம் பேசுங்கள். என்ன கேட்பதென்றே தெரியாதவளுக்கு அவர் என் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தார்.