கிளாக்கரையாவின் கைக்கடிகாரம்

வெளிநாட்டில் அணுத்துகள்களை அசுர வேகத்தில் ஓட்டும் ஓர் இயந்திரத்துக்காக மீக்கடத்திக் காந்தங்களைச் சோதிப்பது என் வேலை. திரவ ஹீலியத்தில் குளிரவைத்து, கம்பிச்சுருள் தாங்கும் மட்டும் மின்சாரத்தை ஏற்றுவோம். சோதனைக் கூடத்துக்குள் போகுமுன் கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட வேண்டும். காந்தம் பட்டால் உள்ளிருக்கும் மெல்லிய சுருள்வில்லின் சுற்றுகள் ஒட்டிக்கொண்டு, கடிகாரம் தறிகெட்டு முந்தி ஓடும். இதை முதன்முதலில் கேட்டபோதே, பசறைப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் பெரிய கிளாக்கர் என் கண்முன் வந்து நின்றார்.

காலையில் எல்லோரையும் கூட்டி நிறுத்தும் பெரட்டில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும்போது, தோட்டத் துரை கொடுத்த கடிகாரத்தைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார். கொஞ்சம் பிந்தினாலும் கொழுந்து பறிக்க வரும் என் அம்மாவை மழையில் நிற்கவைத்து, அரை நாள் கூலியையும் வெட்டுவார்.

லீவில் வந்தபோது பதுளை பஸ் நிலையத்தில் அவரைக் கண்டேன்.

"என்னடா வேல பாக்குற?"

"காந்தம் சோதிக்கிறேங்க ஐயா."

"தேயிலைக்குள்ள கெடக்குற ஆணியப் பொறுக்குமே, அந்தக் காந்தமா? அதுக்கா இம்புட்டுப் படிச்ச?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"அதே கடிகாரந்தானுங்களா? குடுங்க, பாத்துட்டுத் தாறேன்."

பெருமையோடு கழற்றித் தந்தார். அளவுகருவியைச் சரிபார்க்கும் சின்னக் காந்தம் ஒன்றைத் தங்கைக்குக் காட்ட எடுத்து வந்திருந்தேன். அது சட்டைப் பையில் இருந்தது. பையின்மேல் வைத்துக் கடிகாரத்தை நன்றாகத் துடைத்துக் கொடுத்தேன்.

"பத்திரமா வச்சுக்கங்க ஐயா."

இனி எங்கே போனாலும் நேரத்துக்கு முந்திப் போய்க் காத்து நிற்கட்டும். மழை பெய்தால் இன்னும் நல்லது.