அர்விங் என்ற சொல்

நோர்வேயில் தம்பி இறந்து மூன்று மாதமாகிறது. கல்யாணம் கட்டாதவன். இங்கே ரோவில் ஊரில் என்னோடு இருக்கும் அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. இருதயம் பலவீனம், மெல்ல மெல்லச் சொல்லலாம் என்று சொந்தக்காரர் ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். செத்தவனை எல்லாரும் சேர்ந்து ஒளித்து வைப்பது எங்கள் ஆட்களுக்குக் கைவந்த கலை. அவன் கப்பலில் வேலைக்குப் போயிருக்கிறான், அங்கே போன் எடுபடாது என்று நானும் சொல்லி வைத்தேன்.

பிறகு நோர்வே கோர்ட்டிலிருந்து கடிதம் வந்தது. மனைவி, பிள்ளை இல்லாதவனுக்குப் பெற்ற தாயே 'அர்விங்', அவர் கையெழுத்து வேண்டுமாம். இளவயதில் சில வருடம் தம்பியோடு அங்கே இருந்தவன் நான். அர்விங் என்றால் வாரிசு என்று தெரியும். ஆனாலும் பழைய அகராதியை எடுத்துப் பார்த்தேன். அழத் தெரியாதவன் வேறு என்ன செய்வான். முதுசத்தை, பரம்பரைச் சொத்தைக் குறிக்கும் 'அர்வ்' என்பதிலிருந்து வந்த சொல் அது. அந்த அர்வுக்கும், ஆங்கிலத்தில் அநாதையைக் குறிக்கும் 'ஓர்ஃபன்' என்பதற்கும் வேர் ஒன்றாம். உறவை இழந்து தனித்து நிற்பதுதான் வேரின் பொருள். சொத்து என்பதெல்லாம் பிறகு வந்து ஒட்டியதாம். நாசமாய்ப் போன சொல், ஆனால் பொய் சொல்லவில்லை.

அம்மா குசினியில் கதிரை போட்டு உட்கார்ந்து முருங்கை இலை ஆய்ந்துகொண்டிருந்தார். படிவத்தை நீட்டினேன். நோர்வே எழுத்து அவருக்கு வாசிக்கத் தெரியாது.

"இது என்ன பேப்பர் ராசா?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"சின்னவனை இங்க கூப்பிட ஸ்பொன்சர் பேப்பர் அம்மா."

எங்கள் வீடுகளில் கையெழுத்துக் கேட்டு வரும் கடதாசி எல்லாம் விசாக் கடதாசிதான். அம்மா ஏன் சந்தேகப்படப் போகிறார்.

"உதைச் சொல்லுறதுக்கு இவ்வளவு நேரமோ" என்று கையைத் துடைத்துக்கொண்டு, காட்டிய இடத்திலெல்லாம் கவனமாகக் கையெழுத்து வைத்தார். "அவன் வாறதெண்டால் இன்னும் நூறு இடத்தில வைப்பன்."

அதை அப்படியே தபாலில் போட்டேன். என்னைப் போல ஒரு கோழையை நான் கண்டதில்லை.

நேற்று வேலையால் வந்தபோது பக்கத்து அறையில் அடுக்கியிருந்த என் பெட்டிகளெல்லாம் வெளியே கிடந்தன. கட்டிலில் புது விரிப்பு. அம்மா தலையணைக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார்.

"விசா வந்திட்டுதோ?"

இனி இவருக்கு நான் சொல்ல வேண்டியது மகன் செத்ததை. அதோடு, அதற்கு அவரே கையெழுத்து வைத்ததையும்.

"ஓம் அம்மா, வரும்" என்றேன்.