எந்த மாமா?

டிரைவிங் ஸ்கூலில் அவருக்குப் பிரேக் மாஸ்டர் என்று பெயர். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்கள் வைத்த பெயர். அவருக்கும் அது தெரியும், உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு. கற்றுக்கொடுக்கிற காரில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்தில் உட்காருகிற மாஸ்டர் காலடியில் இன்னொரு பிரேக். அந்த இரண்டாவது பிரேக்கில் கால் வைத்தபடியே பாதி ஆயுளைக் கழித்துவிட்ட மனுஷர். வீட்டில் டி.வி. பார்க்கும்போது திரையில் ஏதாவது வண்டி வேகமாக வந்தால்கூடத் தரையை ஒரு மிதி மிதிப்பார். மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

தொழிலில் அவருக்கு ஒரு கொள்கை. பிரேக்கை மிதிக்கலாம், ஆனால் சொல்லாமல் மிதிக்கக் கூடாது. "மெதுவா, நான் நிறுத்தப் போறேன்" என்று வாய் முதலில் போக வேண்டும், கால் அதற்குப் பிறகுதான். சொல்லாமல் மிதித்துப் பழக்கினால் அந்த ஆள் அப்புறம் ரோட்டைப் பார்த்து ஓட்டமாட்டான், மாஸ்டர் காலைப் பார்த்து ஓட்டுவான். இதை அவர் யாரைப் பிடித்தாலும் உட்கார வைத்து விளக்குவார். மாட்டினவர்கள் பாடு திண்டாட்டம்.

இவ்வளவு விவரமான ஆள், வீட்டில் ஒரு டேப்லெட் முன்னால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி நின்றார். அதை வாங்கி அனுப்பியது மனைவியின் தம்பி. கப்பலில் மெக்கானிக். அக்கா மகளின் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு என்று அனுப்பியிருந்தான். குட்டி அதில் ஒரு தீவு விளையாட்டு வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஆளுக்கொரு தீவு, அதில் வீடு கட்டலாம், ஆடு வளர்க்கலாம், பாலம் போட்டு அடுத்தவர் தீவுக்குப் போய்ப் பேசிவிட்டு வரலாம். துப்பாக்கி கிடையாது, ரத்தம் கிடையாது. அப்புறம் என்ன கேடு என்று அவரும் இறங்கினார். எடுத்த எடுப்பில் அது வயதைக் கேட்டது. டேப்லெட் யார் கையில் இருக்கிறது? இவர் கையில். யாரைக் கேட்கிறது? இவரைத்தான். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர், நாற்பத்துமூன்று என்று தன் வயதை ஒழுங்காகப் போட்டார். பிறகு ஒரு முழம் நீளத்துக்கு ஏதோ வாசகம் வந்தது. ஊர் உலகம் செய்வதைப் போலவே படிக்காமல் 'சரி' என்று அழுத்திவிட்டுக் குட்டியிடம் கொடுத்தார்.

அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் குட்டி காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு தீவில் குடியேறிவிடுவாள். மனைவிக்கு மருந்துக் கடையில் வேலை, அவள் வர எட்டாகும். இவர் வந்து சட்டையை மாற்றும்போது உள்ளறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். ஒருநாள் யாரோடு பேசுகிறாய் என்று கேட்டார். மாமாவோடு என்றாள். அடடே, மச்சான் கப்பலில் இருந்துகொண்டு பிள்ளையோடு விளையாடுகிறானா என்று அவருக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. அவரும் கடைக்கண்ணால் அந்த விளையாட்டைப் பார்த்தார்தான். தலைகீழாக நின்றாலும் எது ஆடு, எது பாலம் என்றே பிடிபடவில்லை. சரி, மாமாவே கூட இருக்கும்போது நமக்கென்ன கவலை என்று விட்டுவிட்டார். "மாமாவைக் கேட்டேன்னு சொல்லு" என்பார். அவள் மைக்கில் சொல்லிவிட்டு, "மாமாவும் உங்களைக் கேட்டாராம்" என்பாள். மாதக்கணக்கில் இந்த நலம் விசாரிப்பு நடந்தது. டிரைவிங் ஸ்கூலில்கூட, தாய்மாமன் என்றால் இப்படி இருக்கணும் என்று சொல்லிச் சொல்லி எல்லார் காதையும் புளிக்க வைத்தார்.

மச்சான் லீவில் வந்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு முடித்துப் பெரியவர்கள் மூன்று பேரும் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். பிரேக் மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அவ்வளவு வேலைக்கு நடுவிலும் குட்டியோடு தினமும் விளையாடுவதற்கு ரொம்ப சந்தோஷம் என்று சொன்னார். மச்சான் அக்காவைப் பார்த்தான், அப்புறம் இவரைப் பார்த்தான்.

"என்ன அத்தான் சொல்றீங்க? நானா? கடல்ல எனக்குப் போன் பேசவே சிக்னல் கிடைக்காது."

உள்ளறையிலிருந்து குட்டியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"சரி மாமா. இருங்க மாமா, வரேன்."

அவர் வலது கால் தன்னால் தரையை ஒரு மிதி மிதித்தது. காருக்குக் குறுக்கே ஆள் விழுந்தபோதுகூட இப்படி மிதித்ததில்லை. மச்சான் டேப்லெட்டைப் பிடுங்கித் தரையில் போட்டு உடைக்கிறேன் என்று எழுந்தான். வாங்கிக் கொடுத்தவனே அவன்தான், அந்த ஆத்திரம் வேறு. மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. எப்படி இதெல்லாம் திறந்து கிடந்தது, முதலில் என்ன அழுத்தினீர்கள் என்று அடிக்குரலில் கேட்டாள். வயது போட்ட கதையை இவர் சொன்னார்.

"பிள்ளைக்கு மருந்து வாங்க வந்துட்டு, உங்க வயசைச் சொல்லி வாங்கிட்டுப் போவீங்களா?"

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த விளையாட்டின் கணக்கில் உள்ளே உட்கார்ந்திருப்பது நாற்பத்துமூன்று வயது ஆள். பெரியவர்களுக்குத் திறக்கிற கதவு எல்லாம் குட்டிக்குத் திறந்திருக்கிறது, திறந்துவிட்டவர் இவர். வலது கால் ஹால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. பிடுங்கணுமா, கேட்கணுமா? கேட்பது என்றால் என்ன கேட்பது? பிடுங்கினால் இனிமேல் இந்தப் பெண் எதையாவது நம்மிடம் வாய் திறந்து சொல்லுமா? இல்லை, தூங்கிய பிறகு நைசாக எடுத்துப் பார்க்கலாமா? ஒன்றும் ஓடவில்லை. கடைசியில் மச்சானைக் கையமர்த்திவிட்டு எழுந்தது, யோசித்து எடுத்த முடிவு என்றெல்லாம் சொல்ல முடியாது. தெரிந்தது அவருக்கு ஒன்றுதான், அதைச் செய்தார்.

உள்ளே போய்க் கட்டிலில் அவள் பக்கத்தில், காரில் உட்காருகிற மாதிரியே உட்கார்ந்தார்.

"குட்டி, மெதுவா. நான் இப்ப இதை நிறுத்தப் போறேன். நீ ஒரு தப்பும் பண்ணல."

அவள் ஹெட்செட்டைக் கழற்றினாள். அவர் விளையாட்டை மூடினார். அது எந்த மாமா என்று கேட்டார். மாமாதான் என்றாள். ஹாலில் இருக்கிற மாமாவா? அவளுக்கு அந்தக் கேள்வியே விசித்திரமாக இருந்தது. ஹாலில் இருப்பது நம்ம மாமா, இது தீவு மாமா என்றாள். பெரியவர் மாதிரி குரல், அதனால் மாமா என்று கூப்பிட்டாள். பெரியவர்களை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? அவர் அவளுக்கு இரண்டு ஆடு கொடுத்தாராம். அப்பா எத்தனை மணிக்கு வருவார், அம்மா எப்போது வருவாள் என்று கேட்டாராம், சொன்னாளாம். அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, போர்வை நுனியைத் திருகினாள்.

"வீட்டு வாசலை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாருப்பா. அப்பாகிட்ட கேட்டுட்டு அனுப்பறேன்னேன். அப்பாவைக் கேக்க வேணாம்னாரு. அதான் எனக்குக் குழப்பமா இருந்துச்சு. இன்னும் அனுப்பல."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அனுப்பாதது நல்ல காரியம், இப்போது சொன்னது அதைவிட நல்ல காரியம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். குட்டி அழுதாள். தீவு மாமாவுக்காக அல்ல, ஆட்டுக்காக. அப்போ தீவு மாமா கெட்டவரா என்று கேட்டாள். தெரியலம்மா என்றார். நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

பெரியவர்கள் மூன்று பேரும் சேர்ந்து, அந்த ஆள் இனிக் குட்டியோடு பேச முடியாதபடி விளையாட்டில் தடுத்தார்கள், விளையாட்டு நடத்துகிறவர்களுக்குப் புகாரும் அனுப்பினார்கள். மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மருந்துச் சீட்டைப் படிக்கிற மாதிரி அந்த ஒரு முழ வாசகத்தையும் ஒரு வரி விடாமல் படித்தாள். வயதை ஒன்பது என்று மாற்றியதும் பேச்சுக் கதவெல்லாம் சாத்திக்கொண்டது. இனி யாரைச் சேர்ப்பதென்றாலும் பெற்றவர் அனுமதி வேண்டும் என்று வந்தது. டேப்லெட் உள்ளறையிலிருந்து ஹாலுக்கு இடம் மாறியது. பிரேக் மாஸ்டர் தனக்கும் ஒரு தீவு எடுத்துக்கொண்டார். பாலத்தில் நாலு அடி வைப்பதற்குள் தண்ணீரில் விழுவார். குட்டி பக்கத்தில் உட்கார்ந்து, "மெதுவாப்பா, மெதுவா" என்பாள்.

இருந்தாலும் அவருக்கு மனசு ஆறவில்லை. அந்த ஆள் யார்? குரலை மாற்றிப் பேசின பள்ளிக்கூடத்துப் பையனா, இல்லை நிஜமாகவே வாசலைத் தேடினவனா? ரோட்டில் என்றால் எதிரே வருவது லாரியா சைக்கிளா என்று கண்ணுக்குத் தெரியும். இங்கே அவருக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் பக்கத்து வண்டிகளில் இருக்கிற முகங்களைப் பார்ப்பார். புகாருக்கு 'நன்றி, கவனிக்கிறோம்' என்று மட்டும் ஒரு பதில் வந்தது.

அடுத்த வாரம் குட்டிக்குப் பள்ளி விடுமுறை. அவளை டிரைவிங் ஸ்கூலுக்குக் கூட்டிப்போனார். புதிதாகச் சேர்ந்திருந்த ஒருவர், பாங்க்கில் வேலை பார்க்கிறவர், சாவியோடு வந்து குட்டியைப் பார்த்துச் சிரித்தார். மாஸ்டர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார், இத்தனை வருஷப் பழக்கத்தில் வாய் தன்னால் சொல்லிவிட்டது.

"குட்டி, மாமாவுக்கு வணக்கம் சொல்லு."

குட்டி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அப்பாவிடம் திரும்பினாள்.

"அப்பா, இவர் எந்த மாமா?"

பாங்க்காரர் சங்கடமாகச் சிரித்தார். மாஸ்டருடைய கால் கீழே இல்லாத பிரேக்கைத் தேடியது. அந்த மனிதரின் பெயர் என்ன, வீடு எங்கே, எதுவும் அவருக்கும் தெரியாது. குட்டி கையைக் கூப்பவில்லை. அப்பா பதில் சொல்லட்டும், அப்புறம் வணக்கம் சொல்லலாம் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.