ஸ்டார்ட் ஆகிவிட்ட ஜீப்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நல்ல காரியம் செய்தேன். அன்றிலிருந்து மனசு சரியில்லை.

புதிதாக எதையாவது வாங்கினால், நாலு பேரிடம் காட்டாமல் எனக்குச் சோறு இறங்காது. உங்களுக்குத் தெரிந்ததுதானே? இந்த முறை வாங்கியது ஜம்ப் ஸ்டார்ட்டர். பேட்டரி படுத்துவிட்ட வண்டியைக் கிளப்புகிற கருவி. விசேஷம் என்னவென்றால், அதற்குள் பேட்டரியே கிடையாது! கெப்பாசிட்டர்தான். படுத்த பேட்டரியில் ஒட்டிக்கொண்டிருக்கிற கொஞ்சநஞ்ச கரண்டை உறிஞ்சிச் சேர்த்து, ஒரே மூச்சில் கொடுத்து இன்ஜினைச் சுழல வைக்கும். முன்கூட்டியே சார்ஜ் போட்டு வைக்கிற வேலை இல்லை.

கம்பத்தில் என் பெரியப்பா மகன் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். காலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலை ஏறுவார். சாயங்காலம் கொண்டுவந்து இறக்குவார். தை மாதம் நெஞ்சுவலி... ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. ஜீப் வாசலிலேயே நின்றது.

அவர் மனைவி, என் மதினி. மதினியின் அண்ணன் அதை விற்க ஏற்பாடு செய்தார். இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். ஸ்டார்ட் ஆகவில்லை, போய்விட்டார்கள். மூன்றாவதாகக் குமுளியிலிருந்து ஒருவர் வந்த அன்று நானும் அங்கே இருந்தேன்.

சாவியைத் திருப்பினால் 'டிக்' — அவ்வளவுதான். அவர் கிளம்பத் தயாரானார்.

விடுவேனா? என் காருக்கு ஓடிப்போய்க் கருவியை எடுத்து வந்தேன். பேட்டரியில் கிளிப்புகளை மாட்டினேன். சுற்றி நின்றவர்களுக்குக் கெப்பாசிட்டரைப் பற்றி ஒரு பிரசங்கம் வேறு! பச்சை விளக்கு எரிந்ததும் சாவியைத் திருப்பினேன். முதல் தடவையிலேயே ஜீப் உறுமியது. எல்லோரும் கை தட்டினார்கள். மதினி மட்டும் விறுவிறுவென்று உள்ளே போனார். காபி போடப் போகிறார் என்று நினைத்தேன்.

"கொள்ளாம்" என்று குமுளிக்காரர் திருப்தியாகத் தலையாட்டினார். அரை மணி நேரத்தில் ஜீப்பை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

அப்புறம்தான் அடுப்படிக்குப் போனேன். அடுப்பு பற்றவைக்கவே இல்லை. மதினி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன மதினி?"

"விக்கணும்னு எங்கண்ணன் சொன்ன அன்னைக்கே ராத்திரி பூரா ஹெட்லைட்டை எரியவிட்டு, விடியக்காலம் அணைச்சுட்டேன், தம்பி. பேட்டரி தன்னால படுத்துருச்சு. வந்தவுக எல்லாம் ஓடாத வண்டின்னு திரும்பிப் போனாக. வாசல்ல அது நின்னா... அவுக வீட்டுக்குள்ளதான் இருக்காகன்னு ஒரு நெனப்பு."

"உங்க அண்ணன்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன். கிறுக்குப் பிடிச்சிருக்கான்னு கேட்டாக."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர்தான் என்னைத் தேற்றினார். "உங்களச் சொல்லிக் குத்தமில்ல தம்பி. நல்லதுன்னு நெனச்சுத்தான செஞ்சீக..."

உதவி செய்கிற ஆர்வம் வந்துவிட்டால் நமக்குக் கண்மண் தெரிவதில்லை. ஜீப்பைச் சுற்றி அத்தனை பேர் நின்றோம். அது மதினியின் ஜீப்.

"கிளிப்பை மாட்டட்டுமா மதினி?" என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.